உயிர் காக்கும் பணியும் அமானிதத்தின் கணக்கும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

பொதுப் பணத்தின் பொறுப்பைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் பணித்தார்கள். இத்தலைப்பில் நம் முன்னோரின் நேர்மையை எடுத்துரைப்பது வழக்கம். அது தேவையானதே. எனினும் இவ்வாண்டு வேறொரு தேசத்தின் அனுபவத்தை உங்கள் முன் வைக்க எண்ணினோம். அமெரிக்காவில் தெருச் சண்டைகளையும் துப்பாக்கிக் கொலைகளையும் குறைப்பதற்காக மக்கள் அமைப்புகள் மத்திய அரசிடம் மானியம் பெறுகின்றன. அம்மானியத்துடன் வரும் நிபந்தனைகளை அவை எவ்வாறு சுமக்கின்றன, எங்கே இடறுகின்றன என்பதே இன்றைய பேச்சு. பொதுப் பணத்தைக் கையில் வாங்கிய எவருக்கும் அதில் அறிய வேண்டியது உண்டு. ஓர் உயிரை வாழ வைத்தவரைப் பற்றி அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் கூறுவதை நாமெல்லாம் அறிவோம். அப்பணியிலும் ரசீது கேட்கப்படுகிறது.

முதலில் பணியைப் புரிந்துகொள்வோம். 1992ஆம் ஆண்டு பாஸ்டன் நகரின் ஒரு தேவாலயத்தில், கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோதே வன்முறைக் கும்பல் உள்ளே புகுந்து தாக்கியது. அதைக் கண்டு கொதித்த பாதிரிமார்கள் சிலர் 'டென் பாயிண்ட் கோயலிஷன்' என்ற அமைப்பை உருவாக்கி, இரவு நேரங்களில் தெருக்களில் இறங்கி நடந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் காவல்துறை, ஆய்வாளர்கள், சமயத் தலைவர்கள், தெருப் பணியாளர்கள் ஆகியோர் கைகோத்த 'ஆபரேஷன் சீஸ்ஃபயர்' என்ற முயற்சி தொடங்கியது. அந்நகரில் மாதந்தோறும் நிகழ்ந்த இளைஞர் கொலைகள் சராசரியாக 63 விழுக்காடு குறைந்ததாக அதன் மதிப்பீடு தெரிவித்தது.

சிகாகோவில் வேறொரு பாதை. ஆப்பிரிக்காவில் காசநோய், காலரா, எய்ட்ஸ் ஆகியவற்றின் பரவலைத் தடுக்கப் பாடுபட்ட மருத்துவர் கேரி ஸ்லட்கின் ஊர் திரும்பியபின், வன்முறையும் தொற்றுநோய் போலவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது என்று கருதினார். 2000ஆம் ஆண்டு மேற்கு கார்ஃபீல்ட் பார்க் பகுதியில் அவர் தொடங்கிய பணியே பின்னர் 'க்யூர் வயலன்ஸ்' எனப் பெயர் பெற்றது. இதில் முன்னணியில் நிற்பவர்கள் பெரிய படிப்பாளிகள் அல்லர். ஒரு காலத்தில் அதே தெருவில் தவறான வழியில் சென்று, சிறை சென்று, திருந்தி வந்தவர்கள். பழிவாங்கத் துடிக்கும் இளைஞன் காவலர் சொன்னால் கேட்க மாட்டான். தன்னைப் போல் வாழ்ந்து மீண்டவர் சொன்னால் நின்று கேட்பான். இவர்கள் கொலை நடக்கும் முன்பே இரு தரப்பாரிடமும் பேசிச் சமாதானம் செய்கிறார்கள். காவல்துறைக்குத் தகவல் சொல்பவர் என்ற பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால், அதன்பின் இவர்களிடம் எவரும் வாய் திறப்பதில்லை.

அதே சிகாகோவில் முஸ்லிம்களின் முயற்சியும் உண்டு. 1997இல் அமைப்பாக உருவான 'ஐமான்', அதாவது நகர் உட்பகுதி முஸ்லிம் செயல்பாட்டு வலையமைப்பு, நகரின் தென்மேற்குப் பகுதியில் மருத்துவ நிலையம் நடத்துகிறது. சிறையிலிருந்து மீண்டவர்களுக்குத் தங்குமிடமும் கட்டுமானத் தொழிற்பயிற்சியும் தருகிறது. அப்போது இதன் தலைவராக இருந்த ராமி நஷாஷிபி 2017இல் புகழ்பெற்ற மெக்ஆர்தர் விருதைப் பெற்றார். அங்கே பயன்பெறுவோர் அனைவரும் முஸ்லிம்கள் அல்லர். அநீதி இழைக்கப்பட்டவர் எக்குலத்தவராயினும் துணை நிற்பது என்று மக்கத்துப் பெருமக்கள் செய்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நபி (ஸல்) அவர்கள் பிற்காலத்திலும் பாராட்டியதை நினைத்தால், இதில் வியப்பு ஏதுமில்லை.

இத்தகைய பணிகளுக்கு நெடுங்காலம் அறக்கட்டளைகளும் நகராட்சிகளும்தாம் பணம் தந்தன. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கொலைகள் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தன. அதன்பின் மத்திய அரசின் கவனம் திரும்பியது. 2022 ஜூன் 25 அன்று அதிபர் ஜோ பைடன் கையொப்பமிட்ட 'இருகட்சிப் பாதுகாப்பான சமூகங்கள் சட்டம்' இப்பணிக்கென 5 ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கியது. நீதித்துறையின் கீழுள்ள நீதித் திட்டங்கள் அலுவலகம் அப்பணத்தை மானியமாக வழங்கத் தொடங்கியது. தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்த சிறிய அமைப்புகளின் கைக்கு, திடீரென லட்சக்கணக்கான டாலர்களும் தடித்த விதிநூல்களும் ஒருங்கே வந்து சேர்ந்தன.

விதிகளின் தாய்நூல் '2 சி.எஃப்.ஆர். பகுதி 200' எனப்படும் பொது வழிகாட்டி. 2013இல் வெளியிடப்பட்டு 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. அதற்கு மேல் நீதித்துறைக்கென ஒரு நிதிக் கையேடு. அதற்கும் மேல் ஒவ்வொரு மானிய ஆணையிலும் சிறப்பு நிபந்தனைகள். விண்ணப்பிக்கும் முன்பே அரசின் 'சாம்' பதிவேட்டில் பெயர் பதிந்து, 12 எழுத்து கொண்ட அடையாள எண் பெற வேண்டும். அப்பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் மானியமும் மறந்தது போலத்தான்.

இவ்விதிகளின் உயிர்நாடி ஒரு செலவைப் பற்றிய கேள்விகள். இச்செலவு அனுமதிக்கப்பட்டதா? நியாயமான அளவில் உள்ளதா? இந்த மானியத்தின் பணிக்கே உரியதா? மூன்றாவது கேள்விதான் கடினமானது. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அரசுப் பணி முடிந்து சொந்தப் பேச்சு தொடங்கியதும் பைத்துல்மாலின் விளக்கை அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றியதாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விளக்கு இரண்டு, எண்ணெய் இரண்டு என்பதால் அவர்களுக்குப் பிரிப்பது எளிதாயிற்று. ஒரே கட்டடம், ஒரே மின்கட்டணம், ஒரே கணக்கர் என்று வைத்துக்கொண்டு மூன்று மானியங்களை நடத்தும் அமைப்பு எந்த விளக்கை அணைக்கும்?

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாடகை, மின்சாரம், கணக்கர் ஊதியம் போன்ற பொதுச் செலவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட இயலாத அமைப்பு, நேரடிச் செலவின் மீது ஒரு விழுக்காட்டைப் பொதுச் செலவாக எடுத்துக்கொள்ளலாம். இது முன்பு 10 விழுக்காடாக இருந்தது. 2024 அக்டோபர் முதல் 15 விழுக்காடு. ஆனால் இந்த உரிமையை அறியாமலோ, கேட்டால் பேராசை என்று எண்ணுவார்கள் எனத் தயங்கியோ விட்டுவிடும் சிறிய அமைப்புகள் உண்டு. விளைவு, தெருப் பணியாளருக்குப் பணம் இருக்கும். அவருடைய ரசீதை அடுக்கி வைப்பவருக்கு இருக்காது. கணக்கெழுதுபவரின் கூலியை வீண்செலவாகக் கருதும் வழக்கம் அங்கு மட்டுமா இருக்கிறது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

ஊதியக் கணக்கு இன்னொரு சோதனை. ஒரு பணியாளரின் ஊதியத்தில் பாதி மத்திய மானியத்திலிருந்தும் பாதி நகராட்சி நிதியிலிருந்தும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திட்ட மதிப்பீட்டில் பாதி என்று எழுதியிருப்பதாலேயே பாதியைப் பற்று வைக்க முடியாது. அவர் உண்மையில் எந்தப் பணியில் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதைக் காட்டும் பதிவு வேண்டும். பட்டியல் உண்மையோடு ஒத்துப்போகாவிடில் திருத்த வேண்டும். இரவு 2 மணிக்கு மருத்துவமனை வாசலில், சுடப்பட்டவனின் தம்பியைப் பிடித்து அமர்த்திப் பேசிக்கொண்டிருக்கும் மனிதரிடம் நேரக் குறிப்பேட்டைக் கேட்பது கொடுமையாகத் தோன்றலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். மறுநாள் காலை 5 நிமிடம் ஒதுக்கி எழுதும் பழக்கத்தை அமைப்பு அவருக்கு ஏற்படுத்தித் தர வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து 30 நாளுக்கும் சேர்த்து ஒரே பேனாவால் எழுதப்பட்ட குறிப்பேட்டைத் தணிக்கையாளர் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமானது என்பதை இங்கே நினைவுகூர்கிறோம்.

அடுத்து உணவு. நீதித்துறையின் மானியத்தில் உணவுக்கும் பானத்துக்கும் பொதுவாக இடமில்லை. விதிவிலக்கு வேண்டுமானால் முன் அனுமதி பெற வேண்டும். அரசு அலுவலர்கள் மாநாடு என்ற பெயரில் விருந்து நடத்துவதைத் தடுக்கப் பிறந்த கண்டிப்பு இது என்றால் நாமும் தலையசைப்போம். ஆனால் பசித்தவனிடம் சமாதானம் பேச முடியுமா? கோபத்தில் இருக்கும் இளைஞனை ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்று எதிரே அமர்த்தினால் பாதிக் கோபம் அங்கேயே இறங்கும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்த வித்தை. ஆகவே விவரமறிந்த அமைப்புகள் உணவுக்கெனத் தனி நன்கொடைப் பெட்டி வைத்துக்கொள்கின்றன. அந்தப் பணம் வேறு, மானியப் பணம் வேறு. பேரேட்டிலும் வேறு வேறு பக்கம். இதைச் செய்யாமல் உணவுச் செலவைப் 'பயிற்சிப் பொருள்கள்' என்று எழுதிய கணத்தில், பசியாற்றிய நல்ல காரியம் பொய்க் கணக்காக மாறிவிடுகிறது. எம் கருத்தில் விதி சற்று இரக்கமற்றதுதான். அதற்காகத் தலைப்பை மாற்றி எழுதுவது மருந்தாகாது.

ஏற்கெனவே உள்ள பணத்துக்கு மாற்றாக மானியத்தை வைக்கக் கூடாது என்பது மற்றொரு நிபந்தனை. இதை நம் ஊர் எடுத்துக்காட்டால் சொன்னால் எளிதில் விளங்கும். மதரஸாவில் ஓர் உஸ்தாதுக்கு ஜமாஅத் நிதியிலிருந்து ஊதியம் தருகிறோம். கூடுதலாக ஓர் உஸ்தாதை நியமிக்க ஒருவர் பணம் தருகிறார். அதை வாங்கிப் பழைய உஸ்தாதுக்கே கொடுத்துவிட்டு, மிச்சமான ஜமாஅத் பணத்தில் தரைக்கு மார்பிள் பதித்தால் கொடையாளி என்ன நினைப்பார்? உஸ்தாதும் ஊதியம் பெற்றார், பணமும் பள்ளிவாசலுக்குத்தான் செலவாயிற்று; ஆனாலும் ஏமாற்றப்பட்டார். அமெரிக்க நகராட்சி ஒன்று தன் வரவு செலவுத் திட்டத்தில் ஏற்கெனவே இருந்த பணியிடத்தை மானியத்துக்கு மாற்றிவிட்டுத் தன் பணத்தை வேறிடத்தில் செலவிட்டால் இதே குற்றம்தான்.

பணத்தை முன்கூட்டியே எடுத்து வங்கியில் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. உடனடியாக, அல்லது 10 நாள்களுக்குள் செலவாகப் போகும் தொகையை மட்டுமே கருவூலத்திலிருந்து எடுக்க வேண்டும். முன்பணத்துக்கு வட்டி வந்தால் ஆண்டுக்கு 500 டாலருக்கு மேற்பட்டதைத் திருப்பிச் செலுத்த வேண்டும். (வட்டி நமக்கு வேண்டாதது, அவர்களுக்கும் வேண்டாதது என்பதில் சிறு மகிழ்ச்சி.) மானியம் நகராட்சி வழியாக வந்தால் நிலைமை இன்னும் இறுக்கம். பல இடங்களில் அமைப்பு முதலில் தன் பணத்தைச் செலவிட்டு, ரசீதுகளைக் கொடுத்து, அதன்பின் திரும்பப் பெற வேண்டும். அந்தத் தொகை கைக்கு வருவதற்குள் இரண்டு மூன்று ஊதிய நாள்கள் கடந்துவிடும். கையிருப்பு இல்லாத அமைப்பு கடன் வாங்குகிறது. அல்லது பணியாளரைக் காத்திருக்கச் சொல்கிறது. தவறான வருமானத்தை விட்டுவிட்டு வந்தவரை ஊதியமின்றிக் காத்திருக்கச் சொல்வதன் ஆபத்தை விரித்துரைக்கத் தேவையில்லை.

காலாண்டு முடிந்த 30 நாளில் நிதி அறிக்கை செல்ல வேண்டும். தாமதமானால் பணம் எடுக்கும் வாசல் மூடப்படும். அரையாண்டுக்கு ஒருமுறை பணி அறிக்கை. திட்டம் முடிந்த 120 நாளில் இறுதி அறிக்கைகள். இறுதி நிதி அறிக்கைக்குப் பின் 3 ஆண்டுகள் ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். மத்திய அரசின் பணத்தில் ஓராண்டில் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ செலவிடும் அமைப்பு தனித் தணிக்கைக்கு உட்பட வேண்டும். 2024இன் திருத்தத்துக்கு முன் இவ்வரம்பு 7 லட்சத்து 50 ஆயிரம். இவற்றையெல்லாம் விரைந்து சொல்லிவிட்டோம். நாள்காட்டியில் குறித்துவைத்தால் முடிகிற காரியங்கள் இவை.

நாள்காட்டியால் முடியாத காரியங்கள் உண்டு. கொள்முதல் செய்பவருக்கும் விற்பவருக்கும் உறவோ ஆதாயமோ இருந்தால், அவர் அத்தேர்வில் பங்கேற்கக் கூடாது என்று விதி கூறுகிறது. சிறிய சமூகத்தில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. வேன் வாடகைக்கு விடுபவர் இயக்குநரின் மைத்துனராகவே இருப்பார். வாடகையும் உண்மையிலேயே குறைவாக இருக்கும். குறைவு என்பதை மூன்று கொட்டேஷன் வாங்கி, இயக்குநர் எழுந்து வெளியே சென்றபின் மற்றவர்கள் முடிவு செய்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருந்தால் கேள்வியில்லை. ஸகாத் வசூலிக்கச் சென்றவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்து வைத்தபோது நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட வரலாறு புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே அன்று கேட்கப்பட்ட கேள்வி. இன்றைய விதிநூல்கள் பல பக்கங்களில் சொல்வது அதைத்தான்.

இன்னும் கடினமான ஒன்று ஆட்களைப் பற்றியது. சிறுவர்களோடு பழகும் பணியாளர் எவராயினும் அவர் தகுதியானவரா என்று முன்கூட்டியே ஆராய்ந்து, குற்றப் பதிவேடுகளையும் பார்த்து, எழுத்து மூலம் முடிவு செய்ய வேண்டும் என்பது நீதித்துறை மானியங்களின் நிபந்தனை. குழந்தைகளின் பாதுகாப்பில் சமரசம் கூடாது. நிபந்தனை மிகச் சரியானது. ஆனால் இப்பணியின் அச்சாணியே பழைய குற்றப் பதிவு உள்ள மனிதர். சிறை சென்றவர் என்பதாலேயே அவர் தகுதியற்றவர் என்று ஒதுக்கினால் திட்டமே இல்லை. எதையும் பாராமல் சேர்த்தாலும் திட்டம் இல்லை. என்ன குற்றம், எப்போது நடந்தது, அதன்பின் வாழ்க்கை எப்படி, யார் சான்று சொல்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் ஆராய்ந்து எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தவ்பா செய்தவரைச் சமூகம் எப்படி ஏற்பது என்பது மார்க்கம் அறிந்த நமக்குப் புதிய கேள்வியன்று. அதைக் கோப்பில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பதுதான் புதியது.

சமய அமைப்புகளுக்குரிய விதி நமக்கு ஆர்வம் தரும். '28 சி.எஃப்.ஆர். பகுதி 38' என்பது அது. பள்ளிவாசலோ தேவாலயமோ மானியம் பெறத் தடையில்லை. பெயரை மாற்ற வேண்டியதில்லை. சுவரில் உள்ள திருவசனத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நேரடி மானியப் பணம் தொழுகைக்கோ மார்க்க போதனைக்கோ அழைப்புப் பணிக்கோ செல்லக் கூடாது. அவை நேரத்தாலோ இடத்தாலோ பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். அவற்றில் கலந்துகொள்வது பயனாளியின் சொந்த விருப்பமாக இருக்க வேண்டும். சமயத்தைக் காரணமாக்கி எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஓர் இமாம் வாரத்தில் 10 மணி நேரம் இளைஞர்களுக்கு ஆலோசகராக இருந்தால் அந்த 10 மணிக்கு ஊதியம் பற்று வைக்கலாம். ஜுமுஆ பிரசங்கத்துக்கு வைக்க முடியாது. சகோதரர்கள் சிலருக்கு இது உறுத்தலாம். எமக்கு இது நியாயமாகவே படுகிறது. வரி கொடுத்தவரில் எல்லா மதத்தாரும் இருக்கிறார்கள்.

பணியின் அளவை எப்படிக் காட்டுவது என்ற சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை சச்சரவுகளில் தலையிட்டீர்கள் என்று அறிக்கை கேட்கும். நடக்காத கொலைக்கு வவுச்சர் எங்கே? எண்ணிக்கையை மட்டும் காட்டினால் போதுமா, பெயரையும் எழுத வேண்டுமா என்ற அச்சம் பணியாளருக்கு உண்டு. எழுதிய பெயர் வழக்கு மன்றத்துக்குப் போய்விட்டால் அவர் தெருவில் நடமாட முடியாது. ஆராய்ச்சிக்காகத் திரட்டப்படும் தனிமனிதர் விவரங்களைக் காக்க '28 சி.எஃப்.ஆர். பகுதி 22' என்ற விதி இருக்கிறது. ஆனாலும் பெயருக்குப் பதில் எண் கொடுத்து, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வைப்பதே பாதுகாப்பு. ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. பால்டிமோர் நகரில் இத்திட்டம் சில பகுதிகளில் நல்ல பலனும் சில பகுதிகளில் குறைந்த பலனும் காட்டியது. நாடு முழுவதும் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் கொலைகள் பெருமளவு குறைந்தன. அதில் இப்பணியின் பங்கு எவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்வோரைக் கண்டால் நாம் சற்று ஒதுங்கி நிற்பது நல்லது.

இனி, இவ்வுரையின் கனமான பகுதிக்கு வருகிறோம். மேற்சொன்ன அனைத்தையும் ஒழுங்காகச் செய்த அமைப்புகளும் இருந்தன. 2025 ஏப்ரலில் புதிய ஆட்சியின் நீதித்துறை 350க்கும் மேற்பட்ட மானியங்களை ஒரே வீச்சில் நிறுத்தியது. அவற்றின் தொடக்க மதிப்பு ஏறத்தாழ 80 கோடி டாலர். வன்முறைத் தடுப்பு அமைப்புகள் பல அதில் அடிபட்டன. ஊழல் என்றோ கணக்கில் பிழை என்றோ காரணம் சொல்லப்படவில்லை. துறையின் முன்னுரிமைகளுக்கு இம்மானியம் இனிப் பொருந்தவில்லை என்பதே காரணம். அதற்கும் அதே பொது வழிகாட்டியில் 200.340 என்ற பிரிவு இடம் தருவதாகக் கூறப்பட்டது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் தரப்பட்டது. பாதிக்கப்பட்ட அமைப்புகள் சில நீதிமன்றம் சென்றன. 2025 ஜூலையில் வாஷிங்டன் மாவட்ட நீதிபதி அமித் மேத்தா, அரசின் செயலைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, இவ்வழக்கை விசாரிக்கும் அதிகாரம் தம் மன்றத்துக்கு இல்லை என்று தள்ளுபடி செய்தார். அடுத்த மாதமே, மானியங்களை அரசு தன் வசதிக்கேற்ப முடித்துக்கொள்ளும் வகையில் விதிகளைத் திருத்துமாறு அதிபரின் ஆணை பிறந்தது.

தெருப் பணியாளர்கள் வேலை இழந்தார்கள். ஒரு மனிதர் பல ஆண்டுகள் நடந்து நடந்து சம்பாதித்த நம்பிக்கை, அவர் வராமற்போன சில வாரங்களில் கரைந்துவிடும். சமாதானம் செய்துவைத்த இரு தரப்பாருக்கு நடுவே நின்ற ஆள் இப்போது இல்லை. ஆனால் மானியம் நின்றாலும் நிபந்தனைகள் நிற்கவில்லை. நிறுத்தப்பட்ட அமைப்பும் 120 நாளில் இறுதி அறிக்கை கொடுக்க வேண்டும். ஆவணங்களை 3 ஆண்டுகள் காக்க வேண்டும். நிறுத்தப்பட்ட நாளுக்கு முன் முறையாகச் செய்த செலவுக்கு மட்டும் பணம் கேட்கலாம். அதைக் கேட்பதற்கு அன்றைய தேதி வரை எழுதப்பட்ட கணக்கு வேண்டும். ரசீதுகளைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தவர்கள், ஒட்டுவதற்கான ஆளையும் அன்றே இழந்தார்கள்.

இதிலிருந்து இரண்டு கருத்துகள் எழுகின்றன. கணக்கு ஒழுங்காக இருந்தும் பயனில்லையே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். அரசுப் பணத்தையே தொடாதிருந்தால் இந்த நிலை வந்திராது என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். முதற்கேள்விக்கு எமது மறுமொழி: ஒழுங்கான கணக்கு வைத்திருந்த அமைப்பின் மீது அன்று குற்றம் சுமத்த எவராலும் இயலவில்லை. அந்நற்பெயரோடு அது வேறொரு கொடையாளியின் கதவைத் தட்ட முடியும். இரண்டாவது கருத்தை முழுதும் ஏற்க எமக்கு மனமில்லை. கொலைகள் மலிந்த ஏழைப் பகுதியில் சந்தா வசூலித்து அத்தனை பணியாளர்களுக்கு ஊதியம் கொடுக்க முடியாது. அங்கு வாழ்வோரும் வரி செலுத்துவோரே, அந்தப் பணத்தில் அவர்களுக்கும் உரிமை உண்டு. ஆயினும் மொத்த வருவாயும் ஒரே குழாயில் வரும்படி அமைத்துக்கொண்டது பிழை என்பதை அங்குள்ளவர்களே இப்போது சொல்கிறார்கள். மானியம் தவிர்த்த சொந்தக் கையிருப்பு மூன்று மாத ஊதியத்துக்காவது இருந்த அமைப்புக்கு, அந்த ஏப்ரல் மாதம் சற்று மூச்சுவிட இடம் கொடுத்தது.

நமது பைத்துல்மாலில் அத்தகைய கையிருப்பு வேண்டுமா என்ற தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் 7ஆவதாக உள்ளது. அதற்கு முன் பொருளாளர் அவர்கள் ஆண்டின் வரவு செலவைப் படிக்கவிருக்கிறார்கள். வவுச்சர் கோப்புகள் நான்கும் ரொக்கப் புத்தகமும் மிஹ்ராபுக்கு இடப்புறம் உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன. அஸர் தொழுகைக்குப் பின் எவரும் வந்து புரட்டிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.